கெளுத்திக்குச் செதில் இல்லை

ஐந்து மணிக்குத் திறப்பு விழா. நாலேகாலுக்கு ஒரு பெண்மணி துணிப்பையோடு காட்சிக்கூடத்துக்குள் வந்தாள். சுவரில் தொங்கிய பதினேழு கோட்டோவியங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நான் வரைஞ்சது" என்றாள்.

நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிவசங்கரி சிரிக்கவில்லை. கலை விமர்சகருக்கு எதற்கும் சிரிக்காத முகம் ஒன்று வேண்டும். அது அவளுக்கு இருபத்தைந்து வருடங்களில் நன்றாகப் படிந்திருந்தது. புதுச்சேரியில் ஓவியக் கண்காட்சி வைப்பவர்கள் முதலில் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அடுத்து அவளுக்குத்தான் அழைப்பிதழ் கொடுப்பார்கள்.

இந்தப் படங்கள் ஊர் அறிந்ததே அவளால்தான். போன வருடம் ஓவியர் விஜயராகவன் இறந்தபோது, அவர் வீட்டுப் பரணில் கையொப்பம் இல்லாத ஒரு கட்டு கிடைத்தது. எல்லாம் மீன்காரப் பெண்கள். கலை அறக்கட்டளைத் தலைவர் தணிகாசலம் அதைத் தூக்கிக்கொண்டு லாஸ்பேட்டையில் இருக்கும் அவள் வீட்டுக்கே வந்தார். பார்த்த மாத்திரத்தில் "விஜயராகவன் கைதான்" என்று சொல்லிவிட்டாள். 'இந்தக் கோட்டில் ஓர் ஆணின் மணிக்கட்டு தெரிகிறது' என்று கட்டுரையும் எழுதினாள். இப்போது அந்த வரி கூடத்தின் வாசலில் ஓராள் உயரப் பேனராகத் தொங்குகிறது.

"யாரும்மா நீ?" என்றார் தணிகாசலம்.

"எம்பேரு நபீசா. கருவடிக்குப்பத்துல இருக்கேன். பெரிய மார்க்கெட்டு பின்னால இருந்த பிரஸ்ல எங்க அத்தா பைண்டரா இருந்தாரு. அந்த பிரஸ்ஸு புஸ்தகத்துக்குப் படம் போட்டது நாந்தான். பிரஸ்ஸ மூடும்போது எல்லாப் படத்தயும் அட்டை வரையறவருகிட்ட தூக்கிக் குடுத்துட்டாங்க."

"அட்டை வரைஞ்சது விஜயராகவன். சரி. உள்ள இருக்கற படமும் அவரு போட்டதுதான்னு ஏன் இருக்கக் கூடாது?"

நபீசா பையிலிருந்து பழுப்பேறிய புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். 'நூறு வகை மீன் சமையல். மதிவாணன்.'

சிவசங்கரிக்கு அந்தப் புத்தகத்தைத் தெரியும்.

மதிவாணன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அது அந்த அச்சகம் வைத்துக்கொண்ட பெயர். கனவுப் பலன், குழந்தைப் பெயர்கள், காதல் கடிதம் எழுதும் முறை, மிக்சி ரிப்பேர் எல்லாவற்றையும் எழுதிய மகாபண்டிதர் அவர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு கிழமையில் வந்து எழுத்துப்பிரதியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். படம் வேண்டிய இடத்தில் துண்டுச்சீட்டு ஒட்டி, 'இங்கே படம்' என்று எழுதினால் போதும். யாரோ வரைவார்கள்.

வியாழக்கிழமை மதிவாணன், அப்போது இருபத்து மூன்று வயதான சிவசங்கரி. கனவுப் பலனும் அவள்தான், மீன் சமையலும் அவள்தான். மீன் வாசமே ஏறாத வீட்டில் பிறந்தவள், கல்லூரித் தோழிகளிடம் கேட்டுக் கேட்டுக் காகிதத்திலேயே நூறு குழம்பு வைத்தாள்.

இது யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அவள் கொஞ்சம் அதிகமாகக் கத்தியிருந்தாள். பத்து வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரையில், 'மதிவாணன்கள் தமிழைத் தின்னும் கரையான்கள்' என்று எழுதினாள். அதைப் படித்துவிட்டு ஊரே கைதட்டியது.

"புஸ்தகத்துல உன் பேரு எங்க இருக்கு?" தணிகாசலம் பக்கங்களைத் தள்ளினார். "மதிவாணன்னுதான் போட்டிருக்கு. அந்த ஆளக் கூட்டியா. அவரு வந்து சொல்லட்டும்."

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. ஆனா அவரு எழுதுன சீட்டு இருக்கு."

நபீசா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"இங்கே படம். கெளுத்தி மீனின் செதிலைச் சுரண்டும் பெண்." நிறுத்தினார். "கீழ பென்சில்ல வேற யாரோ எழுதியிருக்காங்க. 'கெளுத்திக்குச் செதில் கிடையாது. உப்புப் போட்டுக் கல்லில் தேய்ப்பதை வரைந்திருக்கிறேன். எழுதியவர் ஒரு தடவை மீன் கடைக்குப் போய்ப் பார்க்கவும்.'"

"பென்சில்ல எழுதுனது நானு" என்றாள் நபீசா.

அந்தப் பென்சில் வரியைச் சிவசங்கரி மறந்ததே இல்லை. அட்டை வரைந்த விஜயராகவன்தான் அதை எழுதியது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். கட்டைப் பிரித்தபோது கல்லில் கெளுத்தி தேய்க்கும் பெண்ணைக் கண்டதும், அவர் கைதான் என்று அடித்துச் சொன்னதும் அதனால்தான். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல வழியில்லை. ஆகவே மணிக்கட்டு, கோடு என்று ஏதேதோ எழுதி மெழுகினாள்.

தணிகாசலத்தின் கையில் சீட்டு. அவர் தலைக்கு நேர் பின்னால், சுவரில், படங்களின் பெயர் அட்டைகள். கையால் எழுதினால் அழகாக இருக்கும் என்று அவர்தான் கேட்டிருந்தார், போன வாரம் அவள் உட்கார்ந்து பதினேழையும் எழுதிக் கொடுத்தாள். மெய்யெழுத்துக்கு அவள் புள்ளி வைக்க மாட்டாள், குட்டி வட்டம் போடுவாள். சீட்டிலும் வட்டம், அட்டையிலும் வட்டம். மனிதர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் போதும்.

அவர் திரும்பவில்லை. படம் பார்க்கிற கண் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. சீட்டை நபீசாவிடமே நீட்டினார்.

"இத யாரு வேணா எழுதலாம்மா. மேடம், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. விஜயராகவன் கைதானே? சொல்லிட்டீங்கன்னா இந்தம்மா கெளம்பிடும்."

தப்பித்தோம் என்றுதான் சிவசங்கரியின் மனது முதலில் நினைத்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

"இவங்கதான் எழுதுனாங்களா, ஆம்பள மணிக்கட்டுன்னு?" நபீசா வளையல் கையை உயர்த்திக் காட்டினாள். "பாத்துக்குங்கம்மா. இந்த மணிக்கட்டுதான்."

சிவசங்கரியின் பார்வை பெயர் அட்டைகளுக்குப் போய்த் திரும்பியது.

"சீட்டுல கடைசி வரி ஒண்ணு இருக்கு. அவரு படிக்காம வுட்டுட்டாரு" என்றாள் நபீசா. "நான் படம் வரைஞ்சு அனுப்புன பெறவு மதிவாணன் பதில் எழுதி அனுப்புனாரு. 'நன்றி. நான் மீன் சாப்பிட்டதே இல்லை. தயவுசெய்து வெளியில் சொல்ல வேண்டாம்.' எங்க அத்தாகிட்டகூட நான் சொல்லலம்மா. முப்பது வருசமாச்சு. இன்னிக்கு எம்படத்துக்காக இந்தச் சீட்ட வெளிய எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்த மனுசன் எங்க இருந்தாலும் என்ன மன்னிக்கணும்."

சீட்டை மறுபடியும் உறைக்குள் பத்திரமாக வைக்கப் போனாள்.

"வைக்காதீங்க" என்றாள் சிவசங்கரி.

கெளுத்திப் படத்தருகே போய் அட்டையைப் பிய்த்தாள். பின்னால் ஒட்டியிருந்த டேப் சுவரின் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு வந்தது. அட்டையை மேசையில் வைத்து, நபீசாவின் சீட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், ரெண்டு கையெழுத்தையும் பாருங்க."

தணிகாசலம் பார்த்தார். முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார்.

"மதிவாணன்னு அஞ்சு பேரு இருந்தோம். மீன் சமையல் எழுதினது நான். படம் போட்டது இவங்க. நான் எழுதின கட்டுரை தப்பு."

"மேடம், படம் பாக்கப் பிரான்ஸ்ல இருந்து ஆளு வந்திருக்காரு. பத்திரிகைக்காரங்க வராங்க. நாளைக்கு உங்களக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க!"

"கட்டட்டும். வாசல்ல இருக்கற பேனர முதல்ல எறக்கச் சொல்லுங்க. எழுதாத அட்டை பதினேழு வேணும்."

நபீசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றியும் இல்லை, சிரிப்பும் இல்லை. நியாயம்தான். ஒரு வருடமாக இந்த ஊர் அவள் படங்களை வேறொருவர் பெயரில் கொண்டாடியிருக்கிறது.

"கெளுத்திக்குச் செதிலு சுரண்டச் சொன்னது நீங்களா?"

"நாந்தாங்க."

"அப்ப வெளிய சொல்லலாமா?"

"சொல்லுங்க."

சிவசங்கரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். நபீசா, நபீசா, நபீசா. ஒன்பதாவது அட்டையில் இருந்தபோது முதல் விருந்தினர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களில் இருவர் அவளிடம் ஓவிய விமர்சனம் படிக்கும் மாணவர்கள். கெளுத்திப் படத்தின் முன்னால் நின்றவர்களிடம் நபீசா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அதோ உக்காந்து எழுதறாங்களே, அந்தம்மாதான் மதிவாணன். நூறு மீன் கொழம்பு எழுதுனாங்க. கெளுத்திக்குச் செதில் கெடையாதுன்னு மட்டும் தெரியாது."

கூடம் முழுக்கச் சிரித்தது. சிவசங்கரி தலை நிமிரவில்லை. காது மடல் எரிய, பத்தாவது அட்டையை எடுத்து எழுதினாள்.