மருந்து தலையில் இருக்கும்போது

அன்று கடைக்கு வார விடுமுறை. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே இரண்டே பேர். நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துண்டோடு உட்கார்ந்திருந்தவர் கடைக்குச் சொந்தக்காரி, எல்லாருக்கும் மேடம். அவர் தலைக்குப் பின்னால் கையுறை மாட்டிக்கொண்டு நின்றவள் சுருட்டை.

சுருட்டை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆனால் பள்ளிக்கூட டீச்சரிலிருந்து கட்டிய புருஷன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முடி அந்த மாதிரி. நனைந்தால் இடுப்பைத் தொடும், காய்ந்தால் தோளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். சின்ன வயதில் அம்மா எண்ணெயைக் கொட்டி, கண் இரண்டும் மேலே போகிற அளவுக்கு இழுத்துப் பின்னி அனுப்புவாள். பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்குள் நெற்றியோரத்து முடியெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பி வெளியே வந்து நின்றுவிடும். அண்ணன்காரன் "குருவிக்கூடு வந்திருச்சு" என்று தெருவுக்கே அறிவிப்பான்.

இப்படிப்பட்டவள் வயிற்றுப் பாட்டுக்குச் செய்த வேலை என்ன தெரியுமா? மற்றவர்கள் முடியை நேராக்குவது. சிரிக்காதீர்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மருந்து தடவி, ஊறவிட்டு, அலசி, உலர்த்தி, அயர்ன் வைத்து இழுத்து, இரண்டாவது மருந்து போட்டு அவள் எழுப்பிவிட்டால், பிரஷ் மாதிரி வந்த தலை பட்டு மாதிரி போகும். முடி எந்த நிமிஷம் போதும் என்கிறது, எந்த நிமிஷம் வேகத் தொடங்குகிறது என்பது அவள் விரலுக்குத் தெரியும்.

ஆனால் பதினோரு வருஷமாக அவளுக்கு வாய்த்தது கடைசி நாற்காலி, தலை அலசும் தொட்டிக்குப் பக்கத்தில். வாசல் கண்ணாடியோரம் இருக்கும் முதல் நாற்காலிதான் கடையின் முகம். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் முதலில் உட்காருவார்கள், அதில் வேலை செய்கிறவளைத்தான் பெயர் சொல்லித் தேடி மறுபடி வருவார்கள். அங்கே நின்ற பெரியக்கா போன மாதம் மகளோடு இருக்க வெளியூர் போய்விட்டாள். நாற்காலி காலி. சுருட்டைக்கு அந்த நாற்காலி வேண்டும். வாயைத் திறந்து யாரிடமும் கேட்கவில்லையே தவிர, தினமும் காலையில் அதைத் துடைக்கும்போது இரண்டு நிமிஷம் அதிகமாகத்தான் துடைத்தாள்.

இப்போது மேடம் விஷயத்துக்கு வருவோம். தோளில் வழிகிற மேடத்தின் முடியைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள். "பிறவியிலேயே இப்படியா மேடம்?" என்பார்கள். மேடம் லேசாகச் சிரித்து, "எங்க குடும்ப முடி" என்பார். குடும்ப முடியாவது ஒன்றாவது! ஆறு வாரத்துக்கு ஒரு முறை, விடுமுறை நாளில், ஷட்டரை இறக்கிவிட்டு சுருட்டைதான் அவருக்கு வேரில் மருந்து போடுவாள். ஒருமுறை நேராக்கிய முடி நேராகவே இருக்கும். புதிதாக வளர்கிற வேர்தான் சொன்னபடி கேட்காது. மேடத்தின் வேர் அச்சு அசலாக சுருட்டையின் வேர்தான். அந்த ஒரு விரல் அகல உண்மை தெரிந்தவர்கள் இப்போது அந்த ஊரிலேயே இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் அன்றைக்கு அந்த அறையில் இருந்தார்கள்.

கடைசிப் பகுதியிலும் மருந்து தடவி முடித்து, சுருட்டை கடிகாரத்தை இருபது நிமிஷத்துக்குத் திருகி வைத்தாள். அஞ்சாறு நிமிஷம் போனதும் மேடம் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"முதல் நாற்காலியை உனக்கே குடுக்கலாம்னு இருக்கேன்."

சுருட்டைக்கு நெஞ்சு குதித்தது. பிடிகொடுக்காமல், "சரி மேடம்" என்றாள்.

"அதுக்கு முன்னாடி உன் தலையை நேராக்கிடணும். நாளைக்குக் காலையில குட்டியை சீக்கிரம் வரச் சொல்லியிருக்கேன். அவ போட்டு விடுவா."

குட்டி என்பது கடையில் கடைசியாகச் சேர்ந்தவள். நல்ல பெண்தான். போன மாதம் வாடிக்கைக்காரி ஒருத்தியிடம் கதையளந்துகொண்டே பத்து நிமிஷம் கூடுதலாக மருந்தை ஊறவிட்டாள். முன்முடி ரப்பர் மாதிரி இழுபட்டு, சீப்போடு கையில் வந்துவிட்டது. அந்தப் பெண் அழுத அழுகை இன்னும் சுருட்டையின் காதில் இருந்தது.

"என் முடி இப்படியே இருக்கட்டும் மேடம். வேலையைப் பாத்துக் குடுங்க."

"வேலையை யாரு பாக்குறா? தலையைத்தான் பாப்பாங்க. நாம விக்கிறதே நேரான முடி. விக்கிறவ தலை புதர் மாதிரி இருந்தா எவ உள்ள வருவா?"

"பதினோரு வருஷமா வந்துட்டுதானே இருக்காங்க?"

"கடைசி நாற்காலிக்கு வந்தாங்க. அங்க தலை யாருக்கும் தெரியாது."

அப்படியா சேதி! தொட்டி ஓரமாக அவளை நிறுத்தி வைத்தது தண்ணீர் வசதிக்காக என்று இத்தனை காலம் நம்பியிருந்தாளே, பாவி! காது மடல் சூடேறியது அவளுக்கு.

"நான் நேராக்க மாட்டேன் மேடம்."

"ஒழுங்கா யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டேன். மாட்டேன்."

மேடத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யாரும் எதிர்த்துப் பேசிக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. "அப்போ நாளையிலிருந்து வர வேண்டாம். நாளைக்கென்ன, இப்பவே கணக்கு முடிஞ்சுது. போ!" என்று ஒரே போடாகப் போட்டார்.

சொன்னதில் ஒரு சின்னச் சிக்கல். கடிகாரத்தில் இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி. நல்ல வேலைக்காரியைத் துரத்தும் முட்டாள்தனத்தை எந்த முதலாளியும் செய்யலாம். ஆனால் தலை நிறைய மருந்தை வைத்துக்கொண்டு அலச வேண்டியவளையே வேலையை விட்டுத் துரத்துவதற்கு, இந்தத் தொழிலில் ஊறிப்போன ஒருத்தியால்தான் முடியும்.

சுருட்டை நிதானமாகக் கையுறையைக் கழற்றினாள். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"ஏய், எங்க போற?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க?"

"மருந்து இருக்கு தலையில!"

"குட்டியைக் கூப்பிடுங்க. பக்கத்துலதான் வீடு, அஞ்சு நிமிஷத்துல வந்துருவா."

குட்டி வந்தால் வேரைப் பார்ப்பாள். குட்டி பார்த்தால் தெரு பார்த்த மாதிரி. மேடம் கைபேசியைத் தொடவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார்.

"எழுந்திருக்காதீங்க, கண்ணுல இறங்கிரும்!" என்று சுருட்டை கத்திவிட்டாள். கத்தியது பழக்கதோஷம். மேடம் பொத்தென்று உட்கார்ந்தார்.

உங்களிடம் மறைப்பானேன்? இருபதாவது நிமிஷம் அந்தத் தலையை அலசாமல் போகிறவள் இல்லை அவள். முடி வேகிற வாசனை வந்தால் அவள் கை தானாகக் குழாயைத் திறந்துவிடும். ஆனால் அது மேடத்துக்குத் தெரியாது. மேடம் எழுந்து போக முடியாத இடத்தில் இருந்தார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாகச் சுருட்டை கொட்டித் தீர்த்தாள்.

"ஒரு நாளைக்கு மூணு தலை நேராக்குறேன். ஒவ்வொருத்தியும் என் தலையைப் பாத்துட்டு, 'உனக்கு ஏன் நீயே பண்ணிக்கலை?'ன்னு கேக்குறா. எனக்கு இது பிடிச்சிருக்குன்னு சொல்ல வெக்கப்பட்டு, நேரம் இல்லைன்னு பொய் சொல்லியிருக்கேன் மேடம். வாரா வாரம் லீவு நாள் இருக்கே, நேரத்துக்கு என்ன பஞ்சம்! என் முடி என்ன பாவம் பண்ணுச்சு? யாரைக் கடிச்சுது? எங்க அம்மா இழுத்தா, அண்ணன் கேலி பண்ணான், நீங்க தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சீங்க. எல்லாத்தையும் தாண்டி அது பாட்டுக்கு எழுந்து நிக்குது. அதுக்கு இருக்கிற ரோஷம்கூட எனக்கு இல்லாமப் போச்சே!"

கடிகாரம் டிக் டிக் என்றது. மேடம் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை.

"சரிடி, சரி. நாற்காலி உனக்குத்தான். தலையை எப்படி வேணா வெச்சுக்கோ. வந்து அலசு முதல்ல!"

சுருட்டை பையை இறக்கி வைத்துக் கையுறையை மறுபடி மாட்டினாள். கடிகாரம் மணியடித்ததும் ஒற்றை முடியை விரலில் சுற்றிப் பார்த்தாள். சுருளாமல் அப்படியே படுத்தது. பதம் சரி. மேடத்தின் நெற்றியோரம் துண்டை அழுத்திப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப் போனாள்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேர வேலை. உலர்த்தினாள், மெல்லிய கீற்று கீற்றாகப் பிரித்து அயர்ன் வைத்தாள், இரண்டாவது மருந்து போட்டாள், மறுபடி அலசினாள். காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன முடியைக்கூட விடவில்லை. இவ்வளவு சுத்தமாக அவளே இதுவரை செய்ததில்லை. முடித்துத் துண்டை உருவி உதறிவிட்டு, கண்ணாடியில் மேடத்தின் கண்ணைப் பார்த்தாள்.

"மருந்து தலையில இருக்கும்போது குடுத்த வாக்கு எனக்கு வேண்டாம் மேடம். இப்போ தலை சுத்தமா இருக்கு. நீங்க எழுந்து போகலாம், என்னையும் போகச் சொல்லலாம். இப்போ சொல்லுங்க. இந்தத் தலையோட எனக்கு முதல் நாற்காலி உண்டா, இல்லையா?"

உண்டு என்று சொல்லிவிடுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தாள்.

மேடம் தன் முடியைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"கிடையாது."

"காரணம்?"

"உன்னை இப்படியே அங்க நிக்க வெச்சு, கடையும் நல்லா ஓடுச்சுன்னு வை." மேடத்தின் குரல் உடைந்தது. "இருபத்திரண்டு வருஷம் தலை எரிய எரிய உக்காந்திருந்தேனே, அது எதுக்குடி?"

சுருட்டைக்கு அந்த நிமிஷம் அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே தவிர, மனசு மாறவில்லை. தன்னுடைய வால் சீப்பு, கத்தரிக்கோல், கிளிப் டப்பா எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். பின்னலை அவிழ்த்தாள். கடைக்குள் அவள் அதை அவிழ்த்தது அதுதான் முதல் தடவை. முடி நாலு பக்கமும் விரிந்து கண்ணாடி முழுக்க நின்றது.

"அதை என் தலைகிட்ட கேட்டு என்ன மேடம் பிரயோஜனம்? ஆறு வாரத்துல உங்களுக்கு மறுபடி வேர் வரும். மறைக்கணும்னா குட்டியைக் கூப்பிடுங்க. வளரட்டும்னு தோணுச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. எப்படிச் சீவணும்னு நானே வந்து சொல்லித் தரேன்."

குனிந்து வெளியே போக அவளுக்கு மனம் வரவில்லை. ஷட்டரைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு நிமிர்ந்து இறங்கினாள். மத்தியான வெயில் கடைக்குள் பாய்ந்தது.

"ஷட்டரை இறக்கிட்டுப் போடி!" என்று உள்ளிருந்து மேடம் கத்தினார்.

"நான் இப்போ உங்க கடையில வேலை செய்யலை மேடம்" என்றாள் சுருட்டை. "நீங்களே இறக்கிக்கோங்க."