ஏழு நிமிடக் கட்டைவிரல்

மனிதர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை முழுமையாக அறிந்தவர்கள் இந்தப் பூமியில் மூன்றே பேர்தான். மற்ற இருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயரம், எடை, ரத்த வகை மாதிரி இதுவும் ஒரு தகவல். துறைத் தலைவரிடம் வருகைப் பதிவுக்குக் கெஞ்ச ஒரு குரல், கேன்டீன்காரரிடம் இரண்டாவது டீயையாவது சூடாகக் கேட்க ஒரு குரல், மேடை ஏறினால் வேறு குரல் என்று தனித்தனியாக வைத்திருந்தேன். இணையத்தில் என்னைப் பின்தொடர்பவர்கள் நாலாயிரம் பேர். எந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்து நிறுத்தினால் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பத்து இருபது முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

விளக்குக்குக் கீழேதான் இருட்டு என்பார்கள். இப்பேர்ப்பட்ட விளக்குக்குக் கீழே எங்கள் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா டின் மூடி செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஆபரேட்டர். தகட்டை வைத்து மிதியை மிதித்தால் ஒரே குத்தில் மூடி விழும். ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் மூடி, ஒன்பதாயிரம் குத்து. இதில் இருபத்தாறு வருடம். வீட்டுக்கு வந்தால் சோபாவின் இடது ஓரம். டிவியில் செய்தி ஓடும். கீழே ஓடும் எழுத்தை மட்டும் படிப்பார். பின்னால் நின்று பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். முன்னால் போய் நின்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

"செவிடன் காதுல ஊதின சங்குதான் இந்த வீட்டுல என் பேச்சு" என்பாள் அம்மா. தினமும் சொல்வாள். இருபது வருடமாகச் சொன்னாள். பழமொழிக்குள் மருத்துவ அறிக்கை இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

எங்களுக்கு 'நம்ம வீடு' என்று போனில் ஒரு குரூப் உண்டு. அப்பா, அம்மா, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் அக்கா, நான். அதிலும் அப்பாவின் பதில் ஒரு மஞ்சள் கட்டைவிரல். நான் செமஸ்டரில் பாஸ் என்று போட்டால் கட்டைவிரல். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது கட்டைவிரல். அக்காவின் மாமனார் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தபோதும், இரண்டு நிமிடம் கழித்து, அதே கட்டைவிரல். மாப்பிள்ளை ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

கலைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கல்லூரி ஆண்டு விழாவில் ஏழு நிமிடம் கொடுத்தார்கள். 'கட்டைவிரல் மன்னர்' என்று தலைப்பு வைத்தேன். அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியின் இடது ஓரத்தில், வலது பக்கம் யாரோ உட்காரப் போவது போல இடம் விட்டு உட்கார்ந்தேன். அதற்கே முதல் வரிசை சிரித்தது.

"எங்க அப்பாவுக்குப் பத்து விரல். வேலைக்குப் போறது ஒண்ணுதான். மத்த ஒன்பதும் அதை நம்பி உக்காந்து சாப்பிடுது" என்று ஆரம்பித்தேன். மாமனார் சாவுக்கு அரங்கம் அதிர்ந்தது. உச்சக்கட்டமாக ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது நானாகக் கட்டியதில்லை. அப்பாவோடு அதே மிஷினில் வேலை பார்க்கும் ஒன்பதரை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொல்லிச் சிரித்தது. மாமா என்றால் உறவில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறோம். சுண்டுவிரலில் பாதி இல்லாததால் தொழிற்சாலையில் அவருக்கு அந்தப் பெயர்.

"போன மாசம் ஃபேக்டரியில சைரன் அடிச்சுதாம். எல்லாரும் விழுந்தடிச்சு வெளிய ஓடிட்டாங்க. எங்க அப்பா மட்டும் மிஷின் முன்னாடி ஜாலியா நிக்கிறார். கூட்டாளி திரும்ப உள்ள ஓடி, தோளைத் தட்டி, ஃபயருன்னு கத்தினார். எங்க அப்பா என்ன பண்ணார்?"

மூன்று புள்ளி. நிறுத்தினேன். அரங்கம் மொத்தமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. எழுநூறு கட்டைவிரல். நான் அந்த நிமிடமே செத்திருந்தாலும் சந்தோஷமாகச் செத்திருப்பேன். அப்படி நடந்திருந்தால் பலருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

வீடியோ மறுநாள் வெளியானது. மாலைக்குள் அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அக்கா அதை 'நம்ம வீடு' குரூப்பில் போட்டு, "எரும, அப்பா பாத்தா என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தாள். பத்து நிமிடத்தில் அப்பாவின் பதில் வந்தது. கட்டைவிரல்.

"பரவாயில்லையே, மனுஷனுக்கு நகைச்சுவை உணர்வு இருக்கு" என்றேன் அம்மாவிடம்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ" என்றாள் அம்மா. ஆனால் அவளும் மாமனார் இடத்தில் சிரித்துவிட்டுத்தான் சொன்னாள்.

அப்பா அதை டீ இடைவேளையில், பிரஸ் ஷெட்டின் இரைச்சலுக்குள் நின்றுகொண்டு பார்த்திருக்கிறார். அவர் பார்த்தது இவ்வளவுதான்: தன் சட்டையில் தன் மகன், தன்னைப் போலவே உட்கார்ந்திருக்கிறான், எழுநூறு பேர் சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து தன்னுடைய சைகையைக் காட்டுகிறார்கள். எந்தத் தகப்பனும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வீடியோவைத் தொழிற்சாலை குரூப்புக்கு அனுப்பினார். அதில் நூற்றுப் பத்துத் தொழிலாளர்கள், நாலு சூப்பர்வைசர்கள், ஒரு பாதுகாப்பு அதிகாரி.

பாதுகாப்பு அதிகாரி ஹெட்போன் போட்டுக் கேட்கிறவர்.

வியாழக்கிழமை ஒன்பதரை மாமா வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே "தங்கச்சி, டீ இருக்கா?" என்று சத்தம் போட்டுக்கொண்டு நுழைகிறவர், அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். அப்பா இன்னும் வந்திருக்கவில்லை.

"வாங்க பேச்சாளரே" என்றார் என்னைப் பார்த்து. "உக்காருங்க. உங்க முன்னாடி நாங்கல்லாம் நிக்கணும்."

"என்ன மாமா, பார்த்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"அருமை. இன்னிக்கு உங்க அப்பாவைக் காது டெஸ்டுக்குக் கூப்பிட்டாங்க."

"வருஷா வருஷம் எடுக்கிறதுதானே?"

"வருஷா வருஷம் நானும் கூடப் போவேன் தம்பி."

அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். மாமா அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போன். வெளியே நர்ஸ் ஒரு பெட்டியில் பட்டனை அழுத்தும்போதெல்லாம் ஒரு சத்தம் வரும். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பட்டனை அழுத்தும்போது பெட்டியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். நாலு வருடமாக மாமா கண்ணாடிக்கு வெளியே நின்று, விளக்கு எரிகிறபோதெல்லாம் மூக்கைச் சொறிவார். உள்ளே அப்பா கையைத் தூக்குவார். நாலு வருடமும் அப்பாவுக்கு முதல் தரமான காது.

"போன வருஷம் அந்த நர்ஸ் பொண்ணு என்கிட்ட, அண்ணே உங்களுக்கு மூக்குல ஏதோ அலர்ஜி, டாக்டரைப் பாருங்கன்னு சொல்லுச்சு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "இன்னிக்கு செவுத்தைப் பாத்து உக்கார வச்சுட்டாங்க. என்னை வெளிய போகச் சொல்லிட்டாங்க. ரொம்ப நேரம் அவர் கையையே தூக்கலையாம். அப்புறம், தூக்காமலே இருந்தா தப்பாயிடுமேன்னு, குத்துமதிப்பா மூணு தடவை தூக்கியிருக்கார். மூணு தடவையும் விளக்கு எரியல."

பிறகு அம்மாதான், "அப்போ, அவருக்குக் காது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அந்த வீட்டில் முதல் முறையாக மூன்று புள்ளிக்கு யாரும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கும் தெரியாதா தங்கச்சி?" என்றார் மாமா. "வீட்டுல தெரிஞ்சிருக்கும்னு நான் நெனச்சேன்."

"வீட்டுல நான்தான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிட்டிருந்தேனே" என்றாள் அம்மா.

சைரன் கேட்காதவர் பிரஸ்ஸில் நிற்கக் கூடாது என்பது விதி. நான் பெருமையாகக் கடைசிக்கு வைத்திருந்த வரிதான் விசாரணையில் முதல் வரியாம். அதிகாரி போனை மேஜைமேல் வைத்து என் குரலை இரண்டு முறை ஓடவிட்டிருக்கிறார். கூட்டாளி யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாமாவை லோடிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

"மாமா, எனக்குச் சத்தியமா தெரியாது. அவர் எதைச் சொன்னாலும் கட்டைவிரலைக் காட்டினா நான் என்னன்னு நினைக்கிறது?"

மாமா தன் இடது கையை விரித்துப் பார்த்தார்.

"அந்த ஷெட்டுல வாயால பேச முடியாது தம்பி. எல்லாம் கைதான். ரெண்டு விரலை உதட்டுல வச்சா டீ. உச்சந்தலையைத் தொட்டா சூப்பர்வைசர் வரார். நான் தகடு வைக்கிறவன், உங்க அப்பா மிதிக்கிறவர். வச்சுட்டுக் கையை எடுத்ததும் நான் கட்டைவிரலைக் காட்டணும். கை வெளிய இருக்குன்னு அர்த்தம். அவரும் காட்டுவார். பாத்துட்டேன், உன் கை பத்திரமா இருக்குன்னு அர்த்தம். அப்புறம்தான் மிதிப்பார். இந்த அரை விரல் போனது வேற ஒருத்தன்கூட வேலை பாத்தப்போ. உங்க அப்பாகிட்ட வந்து பத்தொன்பது வருஷமாச்சு. ஒன்பதரை ஒன்பதரையாவே இருக்கு."

நான் பேச்சில் வல்லவன். என் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "நான் என்ன பேசினேன்னு?"

"நீ என்ன பேசினேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் சிரிச்சாங்கன்னு தெரியும். எவனோ பொறாமையில போட்டுக்குடுத்துட்டான்னு நெனச்சிட்டிருக்கார். நான் சொல்லல." செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க கை பாஷையில அதுக்கு சைகை கிடையாது" என்றார்.

மாதக் கடைசியில் இருபத்தாறு வருட உழைப்புக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் வந்தது. டாக்டர் நரம்பு செத்துவிட்டது என்றார். காதில் மிஷின் வைத்தால் சத்தத்தைத்தான் கூட்டும், பேச்சைக் கூட்டாது என்றார். இருந்தும் ஒன்றை வாங்கி மாட்டினோம். அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி அலமாரியில் வைத்தார். "தகரம் குத்துற மாதிரியே இருக்கு" என்றார். நான் பிறந்ததிலிருந்து அவர் சொல்லி நான் கேட்ட நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. அம்மா அந்தப் பழமொழியை நிறுத்திவிட்டாள். கூடவே பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

வீடியோவை என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதனால் ஒரு பயனும் இல்லை. வேறு நாற்பது பக்கங்களில் அது நன்றாக இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் எதிரே வருகிறவர்கள் வணக்கத்துக்குப் பதில் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள். விழாக்குழுச் செயலாளர், "அடுத்த மாசம் இன்டர் காலேஜ்டா, அப்பா பார்ட் டூ போடு, ஃபைனல் நமக்குத்தான்" என்றான். உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை.

அப்பாவின் போனில் வீடியோ பத்திரமாக இருக்கிறது. இப்போது அவருக்குப் பகல் முழுவதும் ஓய்வு. சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நாலைந்து முறை பார்க்கிறார். ஒலி முழு அளவில் இருப்பது அவருக்குத் தெரியாது. "மத்த ஒன்பதும் அதை நம்பி உக்காந்து சாப்பிடுது" என்று என் குரல் கூடம் முழுக்கக் கேட்கும். அடுக்களையில் அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். மாமனார் சாகிற இடம் முடிகிறவரை குழாய் ஓடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒலியைக் குறைத்து வைக்கலாம்தான். போனை வாங்கி எதற்குக் குறைக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அறையில் படுத்திருந்தேன். கூடத்தில் எழுநூறு பேர் ஐந்தாவது முறையாகச் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு என் போனில் அப்பாவின் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தது. குரூப்பில் இல்லை, எனக்குத் தனியாக. அவர் எனக்குத் தனியாக எதுவும் அனுப்பியதே கிடையாது. ஆறு நிமிடம் அந்த ஒரு சொல் வந்தது, போனது, வந்தது.

"என்ன பத்திதான பேசின என்ன சொன்ன எல்லாரும் அப்டி சிரிக்கறாங்க"

எழுந்து உட்கார்ந்தேன். 'அப்பா' என்று அடித்தேன். சைரனைப் பற்றி எழுதினேன். போட்டுக்கொடுத்தவன் யார் என்று எழுதினேன். மன்னிச்சிடுங்க என்று எழுதி, அது கடையில் விற்கிற வாழ்த்து அட்டை மாதிரி இருந்ததால் அழித்தேன். மாமனார் விஷயத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். ஒரு பக்கம் வந்தது. அதில் இரண்டு இடத்தில், யாரும் கேட்காமலே, சிரிப்பு வருகிற மாதிரி எழுதியிருந்தேன். முழுவதையும் அழித்தேன்.

திறந்திருந்த கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் அடிப்பதும் நிறுத்துவதும் அவருக்கு அங்கே தெரிந்துகொண்டிருக்கும்.

மஞ்சள் கட்டைவிரலைத் தேடி எடுத்து அனுப்பினேன். கூடத்தில் அவர் போன் வீடே அதிரும்படி 'டிங்' என்றது.