கட்டிலில் உப்பிய மாவு

பதின்மூன்று நாளாக இலேனியா வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. எட்டு வயசுப் பெண். முற்றத்தில் நிற்கும் பழைய நீலக் கார்தான் அவளுக்கு வீடு. சாப்பாடு முன் ஸீட்டில், தூக்கம் பின் ஸீட்டில். நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டடச் சோதனைக்காகப் பூட்டிய பள்ளிக்கூடத்தையும் இன்னும் திறக்கவில்லை, ஆகவே நாள் முழுக்கக் காரேதான் கதி. கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, பாதிரியாரைக்கூடக் கூட்டிவந்து பேச வைத்தாயிற்று. அவரிடம் ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கி, "நீங்க மேல போய்ப் படுங்க பாதர், நான் பாத்துக்கறேன்" என்றாள். மனுஷன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

இதெல்லாம் ஆரம்பித்த ஞாயிறு விடிகாலை தரை ஆடியபோது மச்சிலிருந்து ஒரு கை அகலச் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து அவள் தலையணைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவ்வளவுதான். இஞ்சினியர்கள் வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்து, குடியிருக்கலாம் என்று காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் அம்மா நுன்ஸியா அந்தக் காகிதத்தைக் காரின் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். "அதை எனக்கு ஏன் காட்டறே? தரைக்குக் காட்டு" என்றாள் பெண்.

நுன்ஸியா இத்தாலியின் கடலோரத்துப் பொத்சுவோலியிலேயே பிறந்தவள். அந்த ஊர்த் தரை மாசத்துக்கு ஒரு விரற்கடை மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. எழும்பும்போது கீழே எங்கோ எதுவோ உடைகிறது, வீடு ஆடுகிறது. ஆடினால் உடனே எல்லாரும் ரிக்டர் அளவில் எத்தனை புள்ளி என்று பந்தயம் கட்டுவார்கள். கீழ் வீட்டு ரஃபிலீனா பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவாள். நுன்ஸியா பந்தயத்தில்கூடச் சேரமாட்டாள். "ஒண்ணுமில்ல" என்பாள், விட்ட வேலையைத் தொடருவாள். ஆட்டம் பெரிதோ சின்னதோ, அவள் வாயில் வருவது அந்த ஒரே சொல்தான்.

அவள் கணவன் ப்ரோகோலோ தீவுக்குப் போகும் படகில் கயிறு கட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசிவிட்டான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள புள்ள மேல வந்து படுக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை காலைல ஃபோர்மியாவுக்கு, எங்கண்ணன் வீட்டுக்குப் போறோம். திரும்பி வரதப் பத்தி அப்புறம் பாப்போம்."

"ஊரை விட்டா? ஒரு சின்னப்புள்ளையோட பிடிவாதத்துக்கா?"

"பதிமூணு நாளா புள்ள கால நீட்டிப் படுக்கல, நுன்ஸி."

துணைக்கு ராத்திரியில் முன் ஸீட்டில் முடங்கிப் படுத்து நுன்ஸியாவுக்கே இடுப்பு கழன்றுபோயிருந்தது. ஆனால் பிறந்த ஊரை விட அவளுக்கு மனசில்லை. ஆகவே சனிக்கிழமைப் பீட்சாவை நம்பினாள்.

சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் பீட்சா. இலேனியா தட்டு ஓவனிலிருந்து வரும்வரை எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள், மூலைத் துண்டு அவளுக்குத்தான். போன சனிக்கிழமை மனசு கேட்காமல் நுன்ஸியா பீட்சாவைக் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது அங்கேதான். இந்தத் தடவை பீட்சா மேசையில், மேலே. வேண்டுமென்றால் வரட்டும்.

காலையிலேயே ஒரு கிலோ மாவைக் குவித்து நடுவில் குழி பறித்தாள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கடலை அளவு ஈஸ்ட், உப்பு, எண்ணெய். அரை மணி நேரம் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் பிசைந்தாள். கையில் ஒட்டிக்கொண்டிருந்தது மெல்ல விட்டுக்கொடுத்து, உருண்டு, வழவழவென்று ஆனது. கைவிளிம்பால் மேலே ஒரு சிலுவைக் கோடு கிழித்தாள். பாத்திரத்தில் போட்டுத் துணியால் மூடி, கதகதப்பில் உப்பட்டும் என்று வழக்கம்போலத் தங்கள் கட்டிலில் கம்பளிக்கு அடியில் வைக்கப் போனால், அங்கே ப்ரோகோலோ விடிகாலைப் படகு முடிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். காலியாகக் கிடந்தது இலேனியாவின் கட்டில்தான். அதில் வைத்து, அவள் கம்பளியையே போர்த்தினாள்.

பிறகு பால்கனியில் நின்று கீழே கூப்பிட்டாள்.

"இலேனியா, மாவு பெசஞ்சாச்சு. உன் கட்டில்ல தூங்குது."

கார்க் கதவு திறந்தது. "என் கட்டில்லயா?"

"நீதான் காலி பண்ணிட்டியே. வாடகைக்கு விட்டுட்டேன்."

"என் கம்பளிய குடுத்தியா?"

"கம்பளி, தலகாணி எல்லாம் குடுத்தாச்சு. நல்ல புள்ள, சொன்ன பேச்சு கேட்டுக்கிட்டு கம்முனு படுத்திருக்கு."

முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரஃபிலீனா சிரித்துவிட்டாள். இலேனியா அவளை ஒரு முறை முறைத்து, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி இறங்கியது.

"மேல காரை விழுந்துச்சுன்னா மாவு என்னா பண்ணும்?" என்று கேட்டாள்.

நுன்ஸியா யோசிக்குமுன் வாயில் "ஒண்ணுமில்ல" என்று வந்துவிட்டது. கண்ணாடி மேலே ஏறியது.

ப்ரோகோலோ மத்தியானம் எழுந்து மறுபடி படகுக்குப் போனான். ஐந்தரைப் படகில் வந்துவிடுவேன் என்றான். நாலு மணிக்கு நுன்ஸியா இலேனியாவின் அறைக் கதவைத் திறந்தாள், திறந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

கம்பளி உயர்ந்திருந்தது. பிள்ளை குப்புறப் படுத்துத் தூங்குகிற மாதிரியே இருந்தது. கிட்டப் போய்த் துணியை விலக்கினாள். காலையில் இரண்டு கைக்குள் அடங்கியது, இப்போது பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எழுந்து நின்றது. சிலுவைக் கோடு அகன்று விரிந்து இருந்த இடம் தெரியவில்லை. தோலுக்கடியில் குமிழ்கள் மெல்ல நகர்ந்தன. உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. கையைத் தூக்கியது அது, நிஜமாகவே, மிக மெதுவாக.

பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் பார்ப்பதுதான். ஆனாலும் அன்றைக்கு அவளால் கையை எடுக்க முடியவில்லை. ஒரு கடலை அளவு. அதுவா இவ்வளவையும் தூக்குகிறது? துறைமுகம் ஞாபகம் வந்தது. அவள் கல்யாணத்தன்று அலை அடித்த படிக்கட்டு இன்று காய்ந்து கிடக்கிறது, படகுகள் சேற்றில் சாய்ந்து நிற்கின்றன. கடல் இறங்கவில்லை, ஊர்தான் ஏறியிருக்கிறது. தேவாலயம், மீன் சந்தை, இந்தக் கட்டில் எல்லாவற்றையும் சேர்த்து எதுவோ கீழேயிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறது. யார் பிசைந்தார்கள் அதை? எதைப் போட்டு மூடினார்கள்? இத்தனை வயசுக்கு இப்படி ஒரு நாளும் யோசித்ததில்லை. அழகாக இருந்தது, பயமாகவும் இருந்தது. "அம்மாடி" என்று வாய்விட்டே சொன்னாள்.

உடனே தலையை உதறிக்கொண்டாள். வேலை கிடக்கிறது.

கறுப்பு இரும்புத் தட்டில் எண்ணெய் தடவி மாவைக் கவிழ்த்தாள். அது பெருமூச்சு விட்டுப் படுத்தது. விரல் நுனியால் அமுக்கி அமுக்கி நாலு மூலைக்கும் பரப்பினாள். ஒரு பிடி மாவைத் தனியாக எடுத்து எண்ணெயும் உப்பும் ஓரெகானோ இலைத்தூளும் தூவி, சின்னத் தட்டில் முதலில் ஓவனுக்குள் தள்ளினாள். அது சாப்பிட இல்லை, வாசனைக்கு. வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். வாசனை படியிறங்கி முற்றத்துக்குப் போகட்டும், தூது சொல்லட்டும் என்று.

போயிற்று. கால் மணியில் மாடிப்படிக் கைப்பிடி வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே இலேனியா நின்றிருந்தாள். ஒரு கால் முற்றத்தில், ஒரு கால் முதல் படியில். நுன்ஸியா மூச்சுக் காட்டாமல் பின்வாங்கிச் சமையலறைக்கு வந்தாள். சந்தோஷத்தோடு பெரிய தட்டில் கசக்கிய தக்காளியை ஊற்றினாள், பூண்டைக் கிள்ளிப் போட்டாள், தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

அப்போதுதான் சத்தம் வந்தது. காலுக்கு நேர் கீழே, பாறை பிளக்கிற சத்தம். அடுத்த நொடி வீடு குதித்தது. அலமாரிக் கண்ணாடிகள் சரிந்து உடைந்தன. விளக்கு அணைந்து எரிந்தது. கட்டடம் முழுக்கக் கதவுகள் திறக்கிற சத்தம், படிகளில் தடதடவென்று ஓடுகிற சத்தம், ரஃபிலீனா முற்றத்தில் ஒவ்வொரு பேராகக் கத்துகிற சத்தம்.

நுன்ஸியா ஓடவில்லை. ஓட முடியவில்லை. கால் இரண்டும் அவளுடையதாக இல்லை. ஆட்டம் நின்றது, அப்போதும் முடியவில்லை. தட்டைத் தலைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். தக்காளிச் சாறு முழங்கை வழியாக வழிந்தது. "ஒண்ணுமில்ல" என்று சொல்ல நினைத்தாள், நாக்கு எழவில்லை. கீழே பிள்ளை என்ன ஆனாளோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது, உடம்பு கேட்கவில்லை.

"நுன்ஸியா எங்க? நுன்ஸியா எறங்கலியா?" என்று ரஃபிலீனாவின் குரல். பிறகு, "ஏய், போகாதடி, இங்க வா."

படியில் காலடி கேட்டது. ப்ரோகோலோ வந்துவிட்டான் என்று நினைத்தாள். ஆனால் இது கனமில்லாத காலடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறியது. முதல் மாடி. நின்றது. மறுபடி ஏறியது.

வாசலில் இலேனியா நின்றாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. மச்சைப் பார்த்தாள், தரையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். செருப்புக்காலால் சில்லுகளை ஒதுக்கி ஒதுக்கி வந்தாள்.

"அம்மா, ஏன் எறங்கல?"

நுன்ஸியா தலையை மட்டும் ஆட்டினாள்.

"தட்டை வை."

"முடியல."

பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். தட்டின் ஒரு பக்கத்தைத் தன் கையில் தாங்கிக்கொண்டு, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இருவருமாகத் தட்டை மேசையில் இறக்கினார்கள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, மச்சைப் பார்த்துக்கொண்டே, படிப்படியாகக் கீழே கூட்டிப்போனாள்.

முற்றத்தில் ரஃபிலீனா இருவரையும் கட்டிக்கொண்டு அழுதாள், திட்டினாள், "மூணு புள்ளி ஒம்போது, எழுதி வச்சுக்க" என்றாள். வழக்கம்போல அரை மணி எல்லாரும் வெளியே நின்றார்கள். தரை அடங்கிக் கிடந்தது. நுன்ஸியா கார் மேல் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். இலேனியா அவளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தாள், புதிதாக யாரையோ பார்க்கிற மாதிரி.

"ஓவன் எரியுது. மாவு பாழாப் போயிடும்" என்றாள் பெண்.

"போகட்டும்டி."

"ரெண்டு பேரும் போலாம். கதவைத் தெறந்தே வச்சுக்கலாம்."

போனார்கள். கருகிப்போன சின்னத் தட்டை வெளியே எடுத்துப் போட்டு, பெரிய தட்டை ஓவனின் அடியில் தள்ளிவிட்டு, கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, ஓவனுக்கு எதிரே தரையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். உள்ளே சிவப்பு வெளிச்சம். விளிம்பு முதலில் அசைந்தது. பிறகு தக்காளிக்கடியில் ஒரு குமிழ், இன்னொன்று, தட்டு முழுக்கத் தரை எழும்பியது. இருவரும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்தில்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மொசரெல்லா சீஸைத் தூவும்போது நுன்ஸியாவின் கை ஓரளவு நிலைக்கு வந்திருந்தது.

ப்ரோகோலோ துறையிலிருந்து ஓட்டமாக ஓடிவந்து, மூச்சிரைக்க வாசலில் நின்றான். மேசையில் பீட்சாவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவன் நம்ப முடியாதவன்போல இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"எப்படி மேல வந்தா?"

"அம்மா எறங்கல. அதான் வந்தேன்" என்றாள் இலேனியா.

"ஏன் எறங்கல நீ?"

நுன்ஸியா கத்தியைக் கீழே வைத்தாள். "பயந்துட்டேன். காலே வரல" என்றாள். இன்னும் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "எனக்கு எப்பவுமே பயந்தான், ப்ரோகோலோ. ஒண்ணுமில்லன்னு சொன்னதெல்லாம் பொய்" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

ப்ரோகோலோ உட்கார்ந்தான். "அப்ப திங்கக்கிழமை கெளம்பிடுவோம். நீயும்தான் பயப்படறியே."

"நீங்க ரெண்டு பேரும் சொல்றபடி செய்யலாம்" என்றாள் நுன்ஸியா. "நான் இனிமே எதுக்கும் குறுக்க நிக்கல."

இருவரும் மகளைப் பார்த்தார்கள். இலேனியா வாயில் இருந்ததை மென்று விழுங்கி, தண்ணீர் குடித்தாள்.

"இங்கயே இருக்கலாம்" என்றாள். "இத்தன நாளா நான் மட்டும்தான் பயப்படறேன்னு நெனச்சேன். தனியா பயப்படறதுதான்ப்பா முடியல."