பொதுக் கள்ளன்

லோகாம்பாளுக்கு எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்றுதான். கணவர் சிவராமகிருஷ்ணனும் தம்பி வெங்கிட்டுவும் பழையபடி பேசிக்கொண்டால் போதும்.

இருவருக்கும் மட்டாஞ்சேரியில் மிளகுப் பண்டகசாலை உத்தியோகம். கட்சி மட்டும் வேறு வேறு. பிரசாரத்தின்போது ஜீப்பில் மைக் பிடித்துப் போன வெங்கிட்டு, அத்திம்பேரின் வேட்பாளரை நடுச்சந்தியில் "கள்ளன்" என்று கூவிவிட்டான். அத்திம்பேர் பக்கத்துச் சாயாக்கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இனி அவன் ஆத்து வாசப்படிய நாம மிதிக்கப்படாது" என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார்.

வெங்கிட்டுவின் பெண் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தெருவில் இருந்துகொண்டு அத்தை போகாமல் இருப்பதா? லோகாம்பாள் உள்ளுக்குள் புழுங்கினாள்.

ஓட்டு எண்ணி முடித்தபோது எந்தப் பக்கத்துக்கும் பெரும்பான்மை இல்லை. திருவனந்தபுரத்தில் தலைவர்கள் கூடிக் கூடிக் கலைந்தார்கள். சிவராமகிருஷ்ணன் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு அலைந்தார். கடைசியில் ஒரு மத்தியானம் சாப்பாட்டின்போது செய்தி வந்தது: வெங்கிட்டுவின் கட்சியும் இவர் கட்சியும் சேர்ந்து மந்திரிசபை அமைக்கப் போகின்றன.

அவர் ரேடியோவை அணைத்தார். "இதுக்கா இத்தனை தொண்டை கிழியக் கத்தினோம்?"

ஒரு வார்த்தை கூடிப்போனாலும் காரியம் கெட்டுவிடும் என்று லோகாம்பாளுக்குத் தெரியும். இலையில் மோரை ஊற்றினாள்.

சாயங்காலம் மழை விட்ட பிறகும் குடையை மடக்காமல் வெங்கிட்டு வாசலில் வந்து நின்றான்.

"அத்திம்பேரே, உள்ளே வரலாமோ?"

"வராம, அங்கேயே நிக்கப் போறயா?"

உள்ளே வந்தவன் தரையைப் பார்த்தான். "உங்க ஆளைக் கள்ளன்னு சொன்னது தப்புதான்."

"போட்டும். இனி அவன் நமக்கு ரெண்டு பேருக்கும் பொதுக் கள்ளன்."

வெங்கிட்டு சிரித்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை சோறூண். அக்காவும் நீங்களும் இல்லாம நடத்தப்படாதுன்னு என் ஆத்துக்காரி கங்கா ஒரே பிடிவாதம்."

"பாயசம் என்ன?"

"பால் பாயசம்."

"வரோம்."

காப்பி கலக்கப் போவதுபோல லோகாம்பாள் அடுக்களைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை நாளும் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மடியில் வைத்துச் சோறு ஊட்டினாள். அது பாதியைத் துப்பியது. கூடத்தில் எந்த இலாகா யாருக்கு என்று அவர்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டும் என்று அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.