சாவி திருப்பினால் ஓடும் கார்

விசுவமடுவில் வாய்க்காலை ஒட்டிப் போகும் செம்மண் ஒழுங்கையின் கடைசி வீடு நேசமலருடையது. அந்த ஒழுங்கையில் கார் வைத்திருந்தவளும் அவள் ஒருத்திதான். கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. பின்பக்கம் வெட்டிவிட்டது போன்ற சின்னக் கார். நாலு பேர் முழங்காலை மடித்து இருக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அது தானாக நிற்காது, ஒரு பூவரசந்தடியை முட்டுக் கொடுக்க வேண்டும். இடப்பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றுபோய் வருசக்கணக்காகிவிட்டது. ஹோர்ன் மழை நாளில் தானாக அடிக்கும், மாடு குறுக்கே நின்றால் மட்டும் அடிக்காது.

கணவர் செல்வராசா உயிரோடு இருந்தபோது வவுனியாவில் யாரோ ஓட்டிக் களைத்த அந்தக் காரை வாங்கி வந்து, குளக்கட்டில் வைத்து மனைவிக்கு ஓட்டப் பழக்கினார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அது ஒரு பிள்ளை மாதிரி. அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு வந்த மாரியில் காரின் ஸ்டார்ட்டரும் போய்விட்டது. சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. தள்ளினால்தான் ஓடும்.

நேசமலர் தருமபுரத்தில் ஒரு தையல் நிலையத்தில் படிப்பிக்கிறாள். பஸ்ஸை நம்பிப் போக முடியாது. முதல் நாள் வாசற்படலையில் நின்று தயங்கித் தயங்கி எதிர்வீட்டுச் சங்கிலியைக் கூப்பிட்டாள். அவன் மனைவி அழகம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டு ராஜினி, அடுப்பில் புட்டு வேக வைத்துவிட்டு ஓடி வந்தாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. காலையில் நேசமலர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் மூன்று பேரும் வந்துவிடுவார்கள். மாலையில் திரும்பிவர, தையல் பழகும் பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள்.

"கியரைப் போட்டுட்டு ஒக்காருங்க டீச்சரம்மா, மத்ததை நாங்க பாத்துக்குறோம்," என்பான் சங்கிலி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவன். வன்னி மண்ணிலேயே வளர்ந்தும் அந்தப் பேச்சு அவனை விட்டுப் போகவில்லை.

"நீ எங்கே தள்ளுறே? காரைப் புடிச்சுக்கிட்டு நடந்து வர்றே," என்பாள் அழகம்மா.

"சிரிக்க வைக்காதேங்கோ அக்கா, எனக்குக் கை வழுக்குது," என்பாள் ராஜினி.

மதகு வரும்போது இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். மூன்று பேரும் புகைக்குள் நின்று கையசைப்பார்கள்.

எல்லோரும் அவளைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். நாள்தோறும் ஊரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே, ஒரு பொம்பிளைக்கு எவ்வளவு கூச்சம் என்று. அவளுடைய மனம் அவளுக்குத்தான் தெரியும். முதல் நாள் மாலை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை அந்தப் படலையடியில்தான் அவள் வாய் திறப்பாள். அந்தக் கார் ஓடாததால்தான் அவளுக்கு நாள் விடிந்தது. இதை யாரிடம் சொல்வது? பிள்ளையாரிடம் கூட அவள் சொன்னதில்லை.

ராஜினியின் கணவன் சுதாகரன் சந்தியில் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கிறான். விடியவே போய்விடுவதால் தள்ளும் கூட்டத்தில் அவன் இல்லை. ஆனாலும் அந்தக் கூச்சத்தை நினைத்து மிகவும் வருந்தியவன் அவன்தான். வவுனியாவில் பழைய சாமான் விற்கும் இடங்களில் தேடித் திரிந்து, அந்தக் காருக்குப் பொருந்தும் ஸ்டார்ட்டர் ஒன்றை எடுத்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிட்டான்.

"ரீச்சர், இஞ்ச பாருங்கோ. இந்தச் சின்ன வயர்தான் சாவியில இருந்து வாறது. குலுக்கத்தில கழண்டால் சத்தம் வராது. பயப்பிடாமல் விரலால அழுத்தி விடுங்கோ, சரிவரும்."

"என்ன தரவேணும் தம்பி?"

"ஒண்டும் வேண்டாம். இனி ஒருத்தரையும் கெஞ்சத் தேவையில்லை. அது போதும்."

அவன் அவ்வளவு சந்தோசமாக நின்றான். அவளும் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

திங்கட்கிழமை சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் கார் உயிர் பெற்றது. படலையைத் தானே திறந்து, காரை வெளியே எடுத்து, இறங்கி வந்து தானே சாத்தினாள். சங்கிலி தன் வீட்டு வளவிலிருந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போனான். ராஜினியின் குசினியில் அடுப்புப் புகை மட்டும் தெரிந்தது. அன்று தையல் நிலையத்தில் பிள்ளைகள் வணக்கம் சொன்னபோது அவளுடைய பதில் கரகரத்து வந்தது. அதுவரைக்கும் அவள் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் அப்படியே போனது. அயலவர்கள் கெட்டவர்களல்ல. அவளுக்கு உதவி தேவைப்படவில்லை, அதனால் வரவில்லை. சும்மா வாருங்கள் என்று கூப்பிடலாம்தானே? கூப்பிடலாம். ஆனால் காருக்காகக் கேட்கத் தெரிந்த வாய்க்குத் தனக்காகக் கேட்கத் தெரியவில்லை.

அடுத்த திங்கள் காலை, விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவள் பொனட்டைத் திறந்தாள். கையை உள்ளே விட்டு அந்தச் சின்ன வயரை இழுத்து விட்டாள். விரல்களில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியது. துணியால் துடைத்துக்கொண்டு, படலையைச் சத்தம் வரத் திறந்தாள்.

"திரும்பவும் நிண்டுட்டுது," என்றாள்.

மூன்று பேரும் வந்தார்கள். அழகம்மா வெண்டிக்காய் விலையைப் பற்றிச் சொன்னாள். ராஜினி தன் மூத்தவனுக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள். மதகடியில் கார் பிடித்துக்கொண்டபோது நேசமலருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாளும் வயரைப் பூட்டாமல் விட்டாள். அதற்கு மறுநாளும்.

அந்த மூன்றாம் நாள் தள்ளி முடித்துவிட்டு, சங்கிலி தோளைத் தடவிக்கொண்டு ராஜினியைப் பார்த்தான்.

"என்ன தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் பூட்டுன ஸ்டார்ட்டர் ஒரு வாரம் வேலை செஞ்சுட்டு லீவு எடுத்திருச்சு போல?"

ராஜினியின் முகம் சுருங்கியது. "பழைய சாமான்தானே அண்ணை."

"பழசுதான். ஆனா என் உழவு லாண்ட்மாஸ்டர் எஞ்சினையும் அவர்கிட்டத்தான் ரிப்பேருக்கு இறக்கிப் போடலாம்னு இருந்தேன். விதைப்பு நேரத்துல அதுவும் லீவு எடுத்துச்சுன்னா நான் யார்கிட்டப் போய் அழுவுறது? பேசாம கிளிநொச்சிக்கே கொண்டு போறேன்."

விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் ராஜினி விறுக்கெனத் திரும்பி நடந்தாள். நேசமலர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தியில் கராஜ் வைத்திருப்பவனுக்குச் சொத்து அவன் கைராசி ஒன்றுதான். அதை அவள் மூன்று காலைகளில் கெடுத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் சுதாகரனே வந்தான். பொனட்டைத் தூக்கி உள்ளே பார்த்தான். வயர் கழன்று தொங்கியது. அது குலுக்கத்தில் கழன்றதல்ல. வயருக்குப் பக்கத்தில், புழுதி படிந்த மூடியில் ஒரு பெருவிரல் அடையாளம் தெளிவாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். எதிர்வளவிலிருந்து சங்கிலி எட்டிப் பார்த்தான்.

"என்னவாம் தம்பி?"

"என்ர பிழைதான் அண்ணை," என்றான் சுதாகரன், பொனட்டை மெதுவாக இறக்கியபடி. "சரியாப் பூட்டேல்லை. வேற ஒண்டு தேடவேணும். கொஞ்ச நாளைக்கு நீங்கள்தான் வந்து தள்ளிவிடவேணும்."

"அதுக்கென்ன, தள்ளிட்டாப் போச்சு. ஆனா என் எஞ்சின் கிளிநொச்சிக்குத்தான்."

சுதாகரன் தலையாட்டினான். நேசமலரிடம், "போயிட்டு வாறன் ரீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கராஜுக்குத் திரும்பச் சைக்கிளில் ஏறினான்.

அவன் ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பேசாமல் வயரைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். தன் பிழைப்பைக் கொடுத்து அவளுக்கு மூன்று பேரின் பேச்சுத்துணையை வாங்கித் தந்துவிட்டுப் போகிறானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஓசையில்லாமல் வயரைத் தானே பூட்டிவிடலாம். அப்போதும் பழி அவன் தலையில்தான் கிடக்கும். சாமி அறையில் நெடுநேரம் இருந்தாள். கேட்க ஒன்றும் இருக்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

காலையில் மூன்று பேரும் வந்து காரின் பின்னால் கையை வைத்தார்கள். நேசமலர் உள்ளே ஏறாமல் பொனட்டைத் திறந்தாள்.

"ஒருக்கா இஞ்சால வாங்கோ."

அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, வயரை எடுத்து அழுத்திப் பூட்டினாள். பிறகு கதவைத் திறந்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். கார் ஓடத் தொடங்கியது.

"சுதாகரன்ர வேலையில ஒரு பிழையும் இல்லை. இதைக் கழட்டினது நான்தான். மூண்டு நாளும் பூட்டாமல் விட்டதும் நான்தான்."

சங்கிலியின் வாய் திறந்தபடி நின்றது. "எதுக்கு டீச்சரம்மா?"

"கார் ஓடத் தொடங்கினாப் பிறகு நீங்கள் ஒருத்தரும் வரேல்லை."

அழகம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "அதுக்கு வயரை ஏன் புடுங்கணும்? வாயைத் தொறந்து கூப்புட்டா வரமாட்டமா?"

"கூப்பிடத் தெரியேல்லை அழகம்மா."

சங்கிலி தோளை ஒருமுறை தடவினான். தன்னை மூன்று நாள் ஏமாற்றி வேலை வாங்கியிருக்கிறாள் என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தான். அழகம்மாவும் தயங்கி நின்றுவிட்டு, அவன் பின்னாலேயே போனாள்.

ராஜினி மட்டும் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தாள்.

"சந்திக்கு விடுங்கோ ரீச்சர். இதை அவரிட்ட நீங்களே சொல்லவேணும்."

கராஜில் சுதாகரன் ஒரு கார் ரயரை உருட்டிக்கொண்டு நின்றான். நேசமலர் இறங்கி, ஒழுங்கையில் சொன்னதை அவனிடமும் சொன்னாள்.

"தெரியும் ரீச்சர். நேற்றுப் பார்த்தனான்தானே."

"பிறகேன் பழியை உங்கட தலையில போட்டனீங்கள்?"

அவன் ரயரைச் சுவரில் சாத்தினான். "நான் ஆசையாத்தான் பூட்டித் தந்தனான். அதால உங்களுக்கு நல்லது நடக்கேல்லை எண்டு நேற்றுத்தான் விளங்கினது. அப்ப அது என்ர பிழைதானே?"

ராஜினி காருக்குள் இருந்தபடியே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை நேசமலர் வேலை முடிந்து வந்து காரை நிறுத்திவிட்டு, நெடுநேரம் இறங்காமல் இருந்தாள். எதிர்வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது, பேச்சுக்குரல் கேட்கவில்லை. இந்த ஒழுங்கையில் இனி யாரும் தன் படலையைத் தட்டப்போவதில்லை என்று நினைத்தாள். அது நியாயம் என்றும் நினைத்தாள். பிறகு இறங்கிப் போய் விளக்கை ஏற்றினாள்.

திருநீறு பூசிக்கொண்டிருக்கும்போது படலை ஆடிய சத்தம் கேட்டது. சங்கிலி வெளியிலேயே நின்றான். அவன் அவளைப் பார்க்கவில்லை, வாய்க்காலைப் பார்த்தான்.

"நல்லெண்ணெய் இருக்கா டீச்சரம்மா? தோள்பட்டைக்குத் தேய்க்கணும். எங்க வீட்டுல முடிஞ்சிருச்சு."

"இருக்கு. உள்ளுக்கு வாங்கோ."

"எஞ்சினை சுதாகரன்கிட்ட இறக்கிட்டுத்தான் வர்றேன்," என்றான் அவன், இன்னும் வாய்க்காலைப் பார்த்தபடி. "அதைத் தூக்கித்தான் வலி இன்னும் கூடிருச்சு."

நேசமலர் குசினிக்கு விரைந்தாள். போத்தலைத் தேடி எடுக்கும்போது வெளியே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து அழகம்மாவின் குரல்: "எண்ணெய் வாங்க வந்தவன் கதிரையில ஒக்காந்துட்டான் பாரு! கதிரையைக் கொஞ்சம் தள்ளு, எனக்கும் இடம் விடு."