பால் மையத்துக்கு ஒரு தலைவர்

மதாம் வெர்னே சுவிட்சர்லாந்துக்குத் திரும்புவதற்குள் பால் மையத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்தாக வேண்டும். மாதச் சம்பளமுள்ள வேலை. அது தனக்குத்தான் என்று ஆதிலட்சுமி நம்பியிருந்தாள். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் புதுச்சேரியை அடுத்த கருவடிக்குப்பத்தில் தம்பி வீட்டுப் பின்கட்டில் படுத்துக்கொண்டே, தனக்கென்று ஓர் அறை வாடகைக்குப் பிடித்து, அதில் அடுப்பை எந்த மூலையில் போடுவது என்பதுவரை மனசுக்குள் போய்விட்டாள்.

வேறு யார் இருக்கிறார்கள்? உழவர்கரையைத் தாண்டியிருந்த அந்த ஊரில் மதாம் ஜீப்பை விட்டு இறங்கிய நாளிலிருந்து அவளுக்கு வாயும் காதுமாக இருந்தவள் ஆதிலட்சுமிதான். கணவன் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோனுக்குப் போனவன். முதலில் பணம் நின்றது, பிறகு கடிதம் நின்றது. கன்னியாஸ்திரிகளிடம் படித்த பிரெஞ்சு, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனதும் கால் காசு பெறாமல் போயிற்று. தம்பி பெண்டாட்டியின் சமையற்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவளைத்தான், மொழிபெயர்க்க ஒரு பெண் வேண்டும் என்று தேடிவந்து அழைத்துப் போனார்கள். இந்த வேலை போனால் மறுபடியும் அந்த அண்டாதான்.

மதாமின் உதவிச் சங்கம் கப்பலில் பால்மாவு அனுப்பியது. பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் மையத்துக்கு வந்து அங்கேயே குடித்துவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் ஆண்கள் டீக்கடைக்கு விற்றுவிடுவார்களாம். சங்கத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. எந்த யோசனையும் ஊர்க் கமிட்டியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். கமிட்டி என்றால் ஐந்து ஆண்கள், அவர்களுக்குத் தலைவர் தெய்வசிகாமணி. ஒரு காலத்தில் மேராக, பிரெஞ்சு முறைப்படி ஊர்த் தலைவராக, இருந்தவர். பதவி போய் வருஷக் கணக்கானாலும் ஊரார் வாயில் அவர் இன்னும் மேர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெண்பிள்ளை சொன்னாள் என்பதற்காகவே ஒரு காரியத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடியவர், அவ்வளவுதான்.

மையம் திறந்த புதிதில் பெண்கள் தம்ளரை வாங்கி, முந்தானையால் மறைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் பாலைக் கீழே ஊற்றினார்கள். எல்லாரும் குடிக்கிறார்களா என்று பார்க்கக் கமிட்டிக்காரர்கள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் வேறென்ன செய்வார்கள்? அவர்களில் ஒருவர் ஒருத்திக்கு மாமனார், இன்னொருவர் இன்னொருத்திக்கு மூத்தார். கொளஞ்சி என்ற நடவுக்காரிதான் ஆதிலட்சுமியின் காதோடு சொன்னாள்: "மாமனாரு எதுர்ல எப்பிடிக்கா வாயத் தொறந்து குடிக்கறது? ஒரு தட்டி கட்டச் சொல்லு." துணிந்து குடித்தவர்களுக்கும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. மாவைக் கேழ்வரகுக் கூழில் கரைத்துக் கொடுத்தால் என்ன என்று ஆதிலட்சுமிக்குத் தோன்றியது. தம்பி வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, தானே குடித்துப் பார்த்தாள்.

அதையெல்லாம் நடத்திக்காட்டியதில்தான் அவள் சாமர்த்தியம் இருந்தது. மேரிடம் போய், போன வாரம் ஐயா தட்டி கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தீர்களே என்பாள். அவர் அப்படி எதையும் யோசித்திருக்க மாட்டார். ஆனாலும் ஆமாம் ஆமாம் என்று மீசையைத் தடவிக்கொள்வார். உடனே மதாம் பக்கம் திரும்பி, தலைவர் ஒரு யோசனை சொல்கிறார் என்று பிரெஞ்சில் விஸ்தாரமாகச் சொல்வாள். இந்தப் பக்கமும் சந்தோஷம், அந்தப் பக்கமும் சந்தோஷம். தட்டி வந்தது. கூழ் வந்தது. பெண்கள் நடவுக்குப் போகுமுன் வந்து குடிக்கத் தோதாக நேரமும் மாறியது. இப்படித்தான் இந்த ஊரில் பெண்கள் ஒன்றைச் சாதிக்க முடியும் என்று அவள் எண்ணினாள். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மதாமும் நல்லவள்தான். வாரம் ஒருநாள் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, ஆணும் பெண்ணும் சமம் என்று பாடம் நடத்துவாள். மேர் நாற்காலியில் இருந்தபடி தலையாட்டுவார். பாடம் முடிந்ததும் ஆதிலட்சுமியைக் காபி கொண்டுவரச் சொல்வார்.

வழியனுப்புக் கூட்டத்தன்று ஜீப்பில் வரும்போதுதான் மதாம் விஷயத்தைச் சொன்னாள். பொறுப்பாளர் பதவிக்குத் தெய்வசிகாமணியின் பெயரை எழுதி அனுப்பிவிட்டாளாம். எத்தனையோ நாடுகளில் வேலை பார்த்திருக்கிறாள், பெண்களின் கஷ்டத்தை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்ட ஆணைக் கண்டதே இல்லையாம். அந்தத் தட்டி ஒன்று போதாதா, அந்தக் கூழ்! ஆதிலட்சுமி அவருக்கு உதவியாளராக இருக்கலாம், பாதிச் சம்பளம் உண்டு.

ஆதிலட்சுமி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மதாம், அவையெல்லாம் அவருடைய யோசனைகள் இல்லை. பெண்கள் சொன்னவை, நான் யோசித்தவை. அவர் பெயரில் சொன்னால்தான் நடக்கும் என்று அப்படிச் சொன்னேன்."

மதாம் அவள் பக்கம் திரும்பி, "அப்படியானால் இத்தனை நாளும் என்னிடம் பொய் சொன்னீர்களா?" என்றாள். "இன்னும் எதையெல்லாம் நான் நம்பியிருக்கக் கூடாது?"

தன் புத்தியைத் தனதென்று சொன்னால் பொய்க்காரி ஆக வேண்டும். பொய்க்காரிக்குப் பாதிச் சம்பளம்கூடக் கிடையாது. நான் சொன்னது அப்படியல்ல, தலைவருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்ததாகத்தான் சொல்ல வந்தேன் என்று இழுத்தாள். மதாம் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிரிவு வருத்தத்தில் மனசு ஏதேதோ பேசும், தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றாள்.

கூட்டத்தில் ஆண்கள் நாற்காலிகளிலும் பெண்கள் பாயிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேருக்கு ரோஜா மாலை. மதாம் அவர் பெயரை அறிவித்தாள். ஆதிலட்சுமி தன் வாயாலேயே அதைத் தமிழில் சொன்னாள். தனக்கு விழுந்த அடியைத் தானே ஊருக்குத் தண்டோரா போட வேண்டிய பிழைப்பு அது. மையத்தை இனி எப்படி நடத்தப்போகிறார் என்று தலைவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மதாம் கேட்டுக்கொண்டாள். அதையும் ஆதிலட்சுமி தமிழில் சொன்னாள்.

மேர் எழுந்தார். மாலையைச் சரிசெய்தார். வியர்த்தது. பிறகு அவள் பக்கம் குனிந்து, "ஏம்மா, எனக்கு என்னா தெரியும்? நீயே எதுனா சொல்லிடு" என்றார்.

ஆதிலட்சுமி அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். "எனக்கு என்ன தெரியும், நீயே ஏதாவது சொல்லிவிடு என்கிறார், மதாம்."

மதாம் அவளைப் பார்த்தாள். அந்த முகம் சிவந்ததை ஆதிலட்சுமி பார்த்தாள். புரிந்துவிட்டது, நன்றாகவே புரிந்துவிட்டது. ஆனால் அறிக்கை கப்பலேறிவிட்டது, மதாம் நாளை மறுநாள் கிளம்புகிறாள், மாலையும் போட்டாயிற்று. மதாம் பெண்கள் பக்கம் திரும்பிக் கைதட்டினாள். தனக்குக் கிடைத்த மேடையை ஒரு பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கும் தலைவர் இவர், தான் சொல்லிக்கொண்டிருந்த சமத்துவம் இதுதான் என்றாள். அதையும் சொல்லும்படி ஆதிலட்சுமிக்குச் சாடை காட்டினாள்.

ஆதிலட்சுமி சொன்னாள். ஆண்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

பாயிலிருந்து கொளஞ்சி எழுந்து நின்றாள். குரல் நடுங்கினாலும் எல்லாருக்கும் கேட்டது. "தட்டி கட்டச் சொன்னது நானு. கூழுல கரைக்கச் சொன்னது நீ. அப்பறம் அவருக்கு எதுக்குக்கா மாலை?"

கைதட்டல் நின்றது. மேர் தரையைப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று மதாம் கேட்டாள்.

ஆதிலட்சுமிக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. உண்மையை ஜீப்பில் சொல்லிப் பார்த்தாயிற்று, இந்தக் கூட்டத்திலும் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி அந்தப் பாதிச் சம்பளமாவது மிஞ்ச வேண்டும்.

"மெர்சி என்கிறாள், மதாம்."

மதாமுக்கு அப்பாடா என்றிருந்தது. கொளஞ்சியைப் பார்த்துக் கைகூப்பினாள். கொளஞ்சி பதிலுக்குக் கைகூப்பவில்லை. புதுச்சேரிச் சீமையில் மெர்சி என்றால் நன்றி என்று தெரியாதவர் யார்?

"நான் அதச் சொல்லலியே அக்கா" என்றாள், ஆதிலட்சுமியின் முகத்தை நேராகப் பார்த்து. "நான் சொன்னத ஏன் நீ சொல்லல?"

இப்போது அவள் என்ன சொல்கிறாள் என்று மதாம் மறுபடியும் கேட்டாள்.