ஒத்தைக்கொம்பனின் குட்டிகள்

மச்சானுக்கு அவன் தர வேண்டியிருந்தது நாற்பத்தோராயிரத்து ஐநூறு. அந்தப் பணத்தில்தான் வெள்ளை ஆட்டுக்கிடா வந்தது. கிடா இப்போது மண்ணுக்குள் போய்விட்டது. கடன் மட்டும் மேலே நின்றது.

கிடாவைப் பார்த்துத் தந்ததே மச்சான்தான், மனைவியின் அண்ணன். பாலில் முக்கி எடுத்த நிறம். சந்தையில் வெள்ளைக்குத்தான் விலை என்பதால் வேறு கிடாவை அவன் கொட்டிலில் அண்டவிடவில்லை. வெள்ளைக்குப் பிறந்த பெட்டைகள் பருவத்துக்கு வந்தபோதும் அதனிடமே விட்டான். அச்சில் வார்த்த மாதிரி குட்டிகள். எதற்கு எது தாய் என்று அவனுக்கே தடுமாறும். பெருமையாகத்தான் இருந்தது.

கிடாவுக்கு முன்பே கொட்டிலில் இருந்த பெட்டை கோணக்காதி மட்டும் அடங்கவில்லை. வெள்ளை பக்கத்தில் வந்தால் சட்டென்று படுத்துக்கொள்வாள். அடுத்த முற்றத்தில் தச்சர் வளர்த்த ஒத்தைக்கொம்பன் குரல் கொடுத்தால் போதும், வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடுவாள். அந்தக் கிடா செம்பட்டையும் கறுப்புமாய், மழையில் நனைந்த கோணி மாதிரி ஒரு ஜந்து.

"உன் பொண்ணுக்கு என் வீட்டு மாப்பிள்ளையத்தான் புடிச்சிருக்கு. நான் என்னப்பா பண்றது?" என்று தச்சர் வேலிக்கு மேலே சிரிப்பார்.

அவன் அவளைக் கழியால் விளாசிவிட்டு, வேலி ஓட்டையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினான். அதற்குள் சினை பிடித்திருந்தது. புள்ளி புள்ளியாய் இரண்டு பெட்டைக் குட்டிகள். விலைக்கு ஆகாதவை என்று மூலையில் விட்டான்.

பிறகு காய்ச்சல் வந்தது. வெள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருமின, ஒரே மாதிரி முன்னங்காலை மடித்துச் சாய்ந்தன. கடைசியில் கிடாவும். கோணக்காதி படுத்து எழுந்தாள். புள்ளிக் குட்டிகள் ஒரு வேளைத் தீனியைக்கூட விடவில்லை.

மாட்டு டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் ஒரே ரத்தம்பா. ஒண்ணு தாங்காதத இன்னொண்ணு எப்படித் தாங்கும்? இந்த ரெண்டையும் விட்டுடாத. வெளிக் கிடாவா பாத்துச் சேத்து, மறுபடி ஆரம்பி."

ஆரம்பிக்கலாம் என்றுதான் அவனும் மனைவியும் இருந்தார்கள். மச்சான் வண்டியோடு வந்துவிட்டான். வாசலிலேயே நின்றபடி குட்டிகளைப் பார்த்தான்.

"அண்ணே, அதுங்கள மட்டும் விட்டுடு. நீ வாங்கித் தந்த கிடாதானே எங்கள இப்படி ஆக்கிச்சு," என்றாள் அவள்.

"கிடாவத்தான் வாங்கித் தந்தேன். அது பெத்த பொண்ணுங்களையே அதுகிட்ட விடச் சொன்னேனா?"

அவள் கணவனைப் பார்த்தாள்.

"காய்ச்சல்ல பொழச்ச குட்டின்னா சந்தையில இப்போ தனி மவுசு மாப்ள. ரெண்டையும் குடு. மிச்சம் மீதிய தங்கச்சி முகத்துக்காகக் கழிச்சுட்டேன். இனி நீ எனக்குத் தர வேண்டியது ஒண்ணுமில்ல."

அவனேதான் தூக்கி ஏற்றினான். குட்டிகள் துள்ளவில்லை, ஏதோ தீனிக்கு என்று நினைத்து அவன் விரலைச் சப்பின.

வண்டி போன திசையைப் பார்த்துக் கோணக்காதி தொண்டை அடைக்கும்வரை கத்தினாள். அவனுக்கு என்ன தோன்றியதோ, குறடை எடுத்துப்போய் வேலிக் கம்பியை வெட்டினான். அவள் ஓட்டைக்குள் நுழைந்து, தச்சர் முற்றத்துக்கு ஓடினாள். காய்ச்சலுக்குப் பயந்து தச்சர் ஒத்தைக்கொம்பனை எப்போதோ கறிக்குத் தள்ளிவிட்டிருந்தார். அதைக் கட்டியிருந்த முளைக்குச்சி மட்டும் இருந்தது. அவள் அதை முகர்ந்தாள். பிறகு கழுத்தை அதில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.